அத்தை யார் கணக்கில் இருந்தார்?

மலேசியத் தமிழர்களிடம் 'சிவப்பு ஐசி' என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். குடிமக்களின் அடையாள அட்டை நீலம். நிரந்தரவாசிகளுடையது சிவப்பு. தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குப் பச்சை. என் கணவரின் அம்மா, நான் அத்தை என்று அழைக்கும் லெட்சுமி, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1948-இல் பிறந்தவர். அந்த மாநிலத்துக்கு வெளியே அவர் குடியிருந்ததே இல்லை. பால்மரம் வெட்டித்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரிடமும் நீல அட்டை. எழுபது வயதிலும் அவர் கையில் மட்டும் சிவப்பு.

சிவப்பு அட்டைக்காரர் இங்கே குடியிருக்கலாம், வேலை செய்யலாம். வாக்களிக்க முடியாது. மலேசியக் கடப்பிதழ் கிடையாது. குடிமக்களுக்கென்று உதவித்தொகை அறிவிக்கப்படும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டிகள் பாரம் எடுக்கப் போவார்கள், அத்தை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். என்னை அதிகம் உறுத்தியது தேர்தல் நாள்தான். 2013-இலும் 2018-இலும் நாங்கள் விரலில் மையோடு வீடு திரும்பியபோது அத்தை எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு, "ரொம்பக் கூட்டமா?" என்று கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

2018-இன் நடுவில், 60 வயதைக் கடந்த சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தர அமைச்சரவை இணங்கியிருப்பதாகப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீடமைப்புத் தாமானில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. கடிதம் தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்று வயதானவர்கள் நம்பினார்கள். அப்படி வராது, நாம்தான் பத்திரங்களோடு போய் நிற்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னவள் நான். சொன்ன வேகத்தில் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அத்தையைத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பத்திரம் சேர்ப்பது என்றால் எல்லாரும் செய்வது ஒன்றுதான். வீட்டில் உள்ள காகிதத்தையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பதிவு அலுவலக முகப்புக்குப் போவார்கள். அங்கே இது இல்லை, அது இல்லை என்பார்கள். திரும்பி வருவார்கள். மின்சாரக் கட்டண ரசீது, தண்ணீர்க் கட்டண ரசீது, மருத்துவமனை அட்டை என்று பை கனக்கும். இந்த நாட்டில் இருக்கிறார் என்பதை அவை எல்லாம் சொல்லும். அதை யாரும் மறுக்கவில்லையே! சிவப்பு அட்டையே அதைச் சொல்கிறது. எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியைப் படித்தேன். சட்டம் படித்தவள் இல்லை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆனாலும் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் எவருக்கும் பிடிபடும்.

அத்தைக்கு மூன்று வழிகள் இருந்தன. 15-ஆம் பிரிவு, குடிமகனின் மனைவிக்கு உரியது. மாமா நீல ஐசிக்காரர்தான். ஆனால் கல்யாணம் 1960-களில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. மாமாவும் காலமாகிவிட்டார். அந்தக் கதவு அடைபட்டது. 19-ஆம் பிரிவு, எங்கே பிறந்தவராக இருந்தாலும் நீண்ட காலம் இங்கே வாழ்ந்தவர்களுக்கு உரியது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும், மலாய்மொழியில் போதுமான அறிவும் வேண்டும். 16-ஆம் பிரிவு, மெர்டேக்காவுக்கு முன், அதாவது 1957 ஆகஸ்டு 31-க்கு முன், இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கானது. அதற்கு 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் குடியிருந்தால் போதும். மலாய் அடிப்படையாகத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடம் முழுதாகப் போகாத எழுபது வயதுப் பெண்ணுக்கு இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. அத்தை 16-க்கு உரியவர். பிறந்த இடத்தை மட்டும் காட்ட வேண்டும்.

அதுதான் இல்லை. அத்தையிடம் பிறப்புப் பத்திரம் கிடையாது. அதைவிடப் பெரிய தடை அவருடைய அடையாள அட்டையிலேயே இருந்தது. எங்கள் ஐசி எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். பேராக்கில் பிறந்தவருக்கு 08, சிலாங்கூரில் பிறந்தவருக்கு 10. அத்தையின் எண்ணில் அந்த இடத்தில் 71 என்று இருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குக் கொடுத்த எண் அது. முந்திய ஆறு இலக்கங்கள் ஜனவரி முதல் தேதியைக் காட்டின. தேதி தெரியாதவர்களுக்குப் போடும் தேதி. தேதியும் இடமும் அத்தையுடையவை அல்ல என்று அந்த அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தோன்றியது. பழைய அட்டையை மாற்றும்போது யாரோ ஒரு குமாஸ்தா பிறப்புப் பத்திரம் கேட்டிருக்கிறார். அது இல்லாததால், அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து வந்த விவரத்தை வைத்து மகளையும் அங்கேயே பிறக்க வைத்துவிட்டார். அத்தைக்கு அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாது. கைரேகை வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அத்தையின் அப்பா ஏன் குடியுரிமைக்கு எழுதவில்லை என்று பலர் கேட்பார்கள். கேட்பவர்களின் குரலில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சம்பந்தன், அவரும் சுங்கை சிப்புட்காரர்தான், பிரஜா உரிமைக்கு எழுதச் சொல்லித் தோட்டத் தமிழர்களை வற்புறுத்தினார். இங்கே பிறந்தவர்களுக்கு முதல் ஓராண்டு மலாய்த் தேர்வுகூடக் கிடையாது என்ற சலுகையும் இருந்தது. ஆனால் தாத்தாவின், அதாவது அத்தையின் அப்பாவின், மனம் நாமக்கல் பக்கத்தில் இருந்தது. ரெண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்திலேயே அவர் ஒவ்வொரு வருஷத்தையும் கழித்தார். எழுதினால் ஊர் கைவிட்டுப் போகுமோ என்ற பயமும் இருந்திருக்கும். பகலில் மரம் வெட்டி, மாலையில் கள்ளுக்கடைக்கும் கோயிலுக்கும் இடையில் வாழ்ந்த ஒருவரிடம் அரசமைப்புச் சட்டத்தின் நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

பிறகு 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும். சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனவர்களில் அத்தையின் சித்தப்பா குடும்பமும் உண்டு. அதற்குப் பின் அவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் சில, அப்புறம் எதுவும் இல்லை. தாத்தாவும் அத்தையும் பெர்மிட் எடுத்துத் தங்கிவிட்டார்கள்.

அந்தப் பெர்மிட்தான் எனக்கு ஒரு வழியைக் காட்டியது. அத்தையின் டிரங்குப் பெட்டி அடியில், சேலைக்கு விரித்த நாளிதழுக்குக் கீழே அது இருந்தது. மடிப்பில் கிழிந்து, நான்கு துண்டாகப் பிரிந்துபோகும் நிலையில். இந்தக் காகிதம் அவரை வெளியேற்றுவதற்கான சட்டத்தில் பிறந்தது. நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்வதற்காக அச்சடித்தது. அதே காகிதத்தில் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு எல்லாம் இருந்தன. இருபத்தொரு வயதில் அவர் எங்கே நின்று என்ன வேலை செய்தார் என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி எது?

அன்றிரவு நான் அத்தையிடம் கேட்ட கேள்வி மாறியது. "அத்தை, வேற பேப்பர் ஏதாச்சும் இருக்கா?" என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாத் தடவையும் "இல்லம்மா" என்றுதான் பதில் வந்தது. இப்போது, "சின்ன வயசுலேருந்து உங்கள யார் யாரு கணக்குல வச்சிருந்தாங்க?" என்று கேட்டேன்.

அத்தை யோசித்தார். பிறகு சரம்சரமாக வந்தது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணி. வருகையைக் குறிக்கும் செக்ரோல் புத்தகம். ஒவ்வொரு மாதமும் சந்தா பிடித்த தொழிற்சங்கம். இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதி. அம்மை குத்திய டிரெசர். சம்பந்தன் ஐயா சங்கத்தில் வாங்கிய பங்கு. பால்பவுடர் கொடுத்த ஆயாக்கொட்டகை. பள்ளிக்கூடம்.

ஏழைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைப்பதில்லை. ஆனால் அவர்களை எண்ண வேண்டிய தேவை யாருக்காவது இருந்துகொண்டே இருக்கிறது. கூலி கொடுக்க, சந்தா பிடிக்க, மானியம் வாங்க, தடுப்பூசி போட. அந்தத் தேவை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு புத்தகம் இருந்திருக்கும். அதன் பிறகு நான் பத்திரங்களைத் தேடவில்லை. அத்தையை எண்ணியவர்களைத் தேடிப் போனேன்.

தோட்டத்தின் செக்ரோல் கிடைக்கவில்லை. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. துண்டாடல் என்று அதை நாங்கள் சொல்வோம். அத்தை பிறந்த தோட்டமும் அப்படிக் கை மாறி, இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் தாமான். ஆபீஸ் இருந்த மேட்டில் பெட்ரோல் நிலையம் நிற்கிறது. புத்தகங்களைக் கேட்க ஆள் இல்லை.

தொழிற்சங்க அட்டை கிடைத்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் அமைந்தது. அத்தை 1960-களின் நடுவில் சேர்ந்திருக்கிறார். சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரமும் மாமாவின் பழைய பைலில் அகப்பட்டது. துண்டாடலில் தொழிலாளர் தெருவுக்கு வராமல் இருக்க, தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கட்டும் என்று தொடங்கிய சங்கம் அது. கூலியில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டி வாங்கிய பங்கு. இந்த நாட்டின் நிலத்தில் தனக்கும் ஒரு துளி இருக்கட்டும் என்று நினைத்த பெண்ணை வெளிநாட்டுக்காரி என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பத்திரத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்து வந்தன. இபிஎஃப் கணக்கு விவரம் கேட்டு எழுதினோம். ஊழியர் சேமநிதி 1951-இலிருந்து இருப்பதால் அத்தையின் முதல் சந்தா ஆண்டு அதில் பதிவாகியிருந்தது.

இவை எல்லாம் அத்தை இங்கே வாழ்ந்ததைச் சொல்லும். பிறந்ததைச் சொல்லாது. அதோடு பெயர்ச் சிக்கலும் தலைகாட்டியது. சங்க அட்டையில் லெச்சிமி. இபிஎஃபில் லெட்சுமி. பெர்மிட்டில் லெட்சிமியம்மா. ஆங்கில எழுத்தில் எழுதிய ஒவ்வொரு கிராணியும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். அப்பா பெயரிலும் இதே கதை. இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது?

இந்தக் கட்டத்தில் ஈப்போவில் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பணம் கொடுத்தால் பிறப்புப் பத்திரம் 'எடுத்துக் கொடுப்பார்' என்றார்கள். தொகையும் சொன்னார்கள். எங்களால் புரட்ட முடிகிற தொகைதான். அன்றிரவு நான் தூங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. பொய்யான ஆளுக்குப் பொய்யான பத்திரம் வாங்கினால்தானே குற்றம், நிஜமாகவே இங்கே பிறந்த ஒருவருக்கு வாங்கினால் என்ன என்று மனம் வாதாடியது. கணவரும் மௌனமாகத்தான் இருந்தார். காலையில் பசியாறும்போது விஷயத்தை மெல்ல எடுத்தேன். அத்தை கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் இங்க பொறந்தது நெசந்தானேம்மா? நெசத்துக்கு எதுக்குப் பொய்ப் பேப்பரு? நாளைக்கு அது பொய்யின்னு தெரிஞ்சா, பொறந்ததும் பொய்யின்னு ஆயிடாது?"

அதற்கு மேல் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. அத்தை சொன்னது நீதி மட்டுமல்ல, சட்டப்படியும் அதுதான் சரி. மோசடியாகப் பெற்ற குடியுரிமையை அரசு பறிக்க அரசமைப்பிலேயே இடமிருக்கிறது. ஆனால் அத்தைக்கு அந்தப் பிரிவு தெரியாது. தன் பிறப்பைத் தானே அசிங்கப்படுத்தக் கூடாது என்ற எண்ணம்தான் அவரிடம் இருந்தது.

மிச்சம் இருந்தது பள்ளிக்கூடம். அதை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அத்தை படித்தது ஒரு தோட்டப் பள்ளி. பத்துப் பிள்ளைகளாவது இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தால் உண்டான பள்ளிகளில் ஒன்று. துண்டாடலுக்குப் பின் மாணவர் குறைந்து, பள்ளி நகரத்துப் பக்கம் இடம் மாறிவிட்டது. கட்டடமே இல்லாதபோது புத்தகம் இருக்குமா என்று நினைத்தேன். ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை. தமிழ்ப்பள்ளிகளில் எதைத் தூக்கிப் போட்டாலும் சேர்க்கைப் பதிவேட்டைப் போட மாட்டோம். பள்ளி இடம் மாறும்போது தலைமையாசிரியர் கையோடு எடுத்துப்போகும் முதல் புத்தகம் அது.

இருந்தது. பொருளறையில் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், நீண்ட அட்டைப் புத்தகம். முதுகில் ஒட்டிய துணி பிய்ந்திருந்தது. கறையான் ஓரங்களைத் தின்றிருந்தாலும் கட்டங்கள் முழுசாக இருந்தன. தலைமையாசிரியை கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். 1955, 1956. வரிசை எண், மாணவர் பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். நீல மசியில் அழகான சாய்வெழுத்து. 1956 ஜனவரியில் சேர்ந்தவர்களில் லெட்சுமி இருந்தார். தகப்பனார் பெயர் சரி. தொழில், பால்வெட்டு. பிறந்த தேதி 1948 அக்டோபர். அத்தைக்குத் தன் பிறந்த மாதமே அதுவரை தெரியாது. 'நீங்கிய காரணம்' என்ற கட்டத்தில் 'தம்பியைப் பார்க்க' என்று எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கிறார். அத்தை இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. படிப்பு ஏறவில்லை, அதனால் விட்டுட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தது. நான் முதலில் கவனிக்கவில்லை. தலைமையாசிரியைதான் காட்டினார். "இது சூராட் பெரானாக் நம்பர் மாதிரி இருக்கே, டீச்சர்?"

பிறப்புப் பத்திரத்தின் எண். அப்படியானால் 1956-இல் பத்திரம் இருந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர், பெரும்பாலும் தாத்தா, பள்ளிக்கூடத்து வாசலில் நின்றிருக்கிறார். பள்ளியில் அதைப் பார்த்துப் பென்சிலால் குறித்திருக்கிறார்கள்.

அந்த எண்ணையும், தேதியையும், தாத்தாவின் பெயரையும் கொடுத்துப் பிறப்புப் பதிவைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தோம். முன்பு அத்தையின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடியபோது எதுவும் வரவில்லை. வராததன் காரணம் இப்போது தெரிந்தது. வந்த நகலில் பிள்ளையின் பெயருக்கான இடம் காலி. பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள். பெண், அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், சுங்கை சிப்புட். அந்தக் காலத்தில் ஊர்ப்புறங்களில் பிறப்பைப் போலீஸ் நிலையத்தில் சொல்லிப் பதிவார்கள். அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று நினைத்துப் பாருங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் அவசரகாலம் பிறந்தது. நான்கு மாதம் கழித்து, அதே சுங்கை சிப்புட்டில், ஒரு பால்வெட்டுத் தொழிலாளி மகள் பிறந்த சேதியைச் சொல்லப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். குடியுரிமைக்கு எழுதாத மனிதர் என்று பிறர் குறை சொல்லும் அதே தாத்தா.

பெயரில்லாத அந்தப் பெண் குழந்தையும் சிவப்பு ஐசி லெட்சுமியும் ஒருவரே என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்குத்தான் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியான சத்தியப் பிரமாணப் பத்திரம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பலர் சத்தியப் பிரமாணத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைத்து முதலிலேயே எழுதிவிடுகிறார்கள். பின்னால் பத்திரங்கள் வேறு தேதியைச் சொன்னால் சத்தியமே எதிரியாகிவிடும். பத்திரங்கள் எல்லாம் கைக்கு வந்து, எது எதோடு பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு, பொருந்தாத இடத்துக்கு மட்டும் சத்தியம் செய்வதே நல்லது. லெச்சிமி, லெட்சுமி, லெட்சிமியம்மா மூவரும் ஒருவர் என்று ஒரு பத்திரம். பிறப்புப் பதிவில் உள்ள குழந்தை இவர் என்று, பிறந்ததை அறிந்த ஒருவரின் பத்திரம்.

பிறந்ததை அறிந்தவர் என்றால் அத்தையைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? விசாரித்து விசாரித்து, பழைய மண்டோரின் (மேற்பார்வையாளரின்) மகள் ஈப்போவில் பேரன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. எண்பத்தைந்து வயது. கண் மங்கல், காது நல்ல கூர்மை. அத்தை குரலைக் கேட்டதும், "சடையன் மவ லெச்சுமியா?" என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்:

"தொரைங்களச் சுட்ட வருஷம். தீவாளிக்கு முன்னால. உங்கம்மாவுக்கு வலி எடுத்தப்ப வெளிய போக முடியாது, ஊரடங்கு. எங்கம்மாதான் வெளக்கப் புடிச்சிக்கிட்டு வந்து ஒன்ன எடுத்தாங்க. நாந்தான் சுடுதண்ணி வச்சேன்."

அத்தை அந்தக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தான் பிறந்ததைப் பார்த்த ஒருவரை எழுபது வயதில் சந்திப்பது எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரமே சத்தியப் பிரமாண ஆணையரை வீட்டுக்கு அழைத்து எழுதி வாங்கினோம். பிந்தியிருந்தால் நடந்திருக்காது. மறு வருஷம் அந்தப் பாட்டி காலமானார்.

விண்ணப்பம் 2019-இல் உள்ளே போனது. பத்திரங்களைக் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று மலாயில் ஒரு வரி எழுதி முதல் தாளாக வைத்தேன். பிறப்புப் பதிவு, பள்ளிப் பதிவேட்டின் உறுதி செய்த நகல், சங்க அட்டை, பெர்மிட், பங்குப் பத்திரம், இபிஎஃப், சத்தியப் பிரமாணங்கள். வீட்டில் இருந்த கட்டண ரசீதுகளில் கடைசி ஆண்டுகளுடையவை மட்டும். முகப்பில் இருந்த மலாய்க்கார அதிகாரி அந்த முதல் தாளை நிதானமாகப் படித்தார். பிறகு பைலைத் திருப்பிப் பள்ளிப் பதிவேட்டு நகலில் நிறுத்தினார்.

மலாய்ச் சோதனைக்கு அத்தை பேத்தியிடம் பாடம் கேட்டார். சந்தையில் மீன் வாங்கும் மலாய் அவருக்கு எப்போதும் வரும். அதிகாரியிடம் பேசும் மலாய்தான் நடுக்கம். "மக்சிக், டூலு கெர்ஜா அப்பா?" என்று கேட்டபோது, முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு, அத்தை "போத்தோங் கெத்தா", பால்மரம் வெட்டினேன், என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. எத்தனை மணிக்கு எழுவார்கள், பால் பிடிக்கும் மங்கு எப்படி வைப்பார்கள், மழை வந்தால் பால் எப்படிக் கெடும் என்று கையை அசைத்து அசைத்துச் சொன்னார். அந்த அதிகாரி குறுக்கே பேசவில்லை.

பின்பு நோய்த்தொற்றுக் காலம் வந்தது. ஒரு செய்தியும் இல்லை. குடியுரிமை பற்றிய அரசின் முடிவை எந்த நீதிமன்றமும் மறுஆய்வு செய்ய முடியாது என்று அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அதனால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பத்திரம் சேர்த்த நாள்களில் எனக்கு இருந்த தெம்பு இந்தக் காத்திருப்பில் கரைந்தது. அத்தைக்கு இருமல் வந்தால்கூட நான் பயந்தேன். கடிதம் வரும்போது அவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுதலாக இருந்தது.

2022-இன் தொடக்கத்தில் கடிதம் வந்தது. 18-ஆம் பிரிவின்படி விசுவாசப் பிரமாணம் எடுத்த பிறகே பதிவு. அத்தை அந்த மலாய் வாக்கியங்களைச் சமையலறையில் உரக்கச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்து, அங்கே போய்த் தடுமாறாமல் சொன்னார். அதே வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி பொதுத்தேர்தலில் எங்களோடு வரிசையில் நின்றார்.

அத்தைக்கு ஒரு தம்பி. எந்தத் தம்பியைப் பார்த்துக்கொள்ள அத்தை பள்ளியை விட்டாரோ, அந்தத் தம்பி. அவருக்கும் சிவப்பு ஐசிதான். அதே பதிவேட்டில் சில தாள்கள் தள்ளி அவர் பெயரும் இருந்தது. ஓரத்தில் எண் எதுவும் இல்லை. அத்தையின் பத்திரங்களையே அடித்தளமாக வைத்து, அக்காவே சாட்சியாகச் சத்தியம் செய்து, அவருடைய விண்ணப்பத்தையும் கட்டிக் கொடுத்தோம். அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிவிட்ட அவருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. கடிதம் வந்ததா என்று வாரத்துக்கு ஒருமுறை அத்தை அவருக்குப் போன் செய்து கேட்கிறார்.